மூன்று தந்திகளைத் தளர்த்தியவர்

கிதார் என்னும் வாத்தியத்தின் பேரில் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. பரீட்சை நெருங்கும் சமயத்தில் பிள்ளையாண்டான் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து விடுகிறான். மூன்று மாதமாக அதே மூன்று ஸ்வரக் கொத்துக்களை மாற்றி மாற்றி அடித்துக்கொண்டிருக்கிறான். கையில் ஒரு குச்சியைக் கொடுத்துத் தகர டப்பாவைக் காட்டியிருந்தாலும் இதே காரியத்தைத்தான் செய்திருப்பான் என்பது வீட்டுப் பாட்டியின் அபிப்பிராயம். பாட்டியின் கட்சியில் நியாயம் இல்லாமலில்லை. ஆனாலும், கிதாரின் யோக்கியதை இவ்வளவுதான் என்று தீர்ப்பு எழுதுவதற்கு முன்னால், இங்கிலாந்தில் 1962-ம் ஆண்டில் வெளியான ஒரு சிறு இசைத்தட்டை, பாட்டியையும் பேரனையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்கச் செய்வது நலம்.

தட்டில் உள்ள உருப்படியின் பெயர் ‘ஆஞ்ஜி’. ஆக்கியவரும் வாசிப்பவரும் ஒருவரே: டேவி கிரஹாம். தட்டு வெளியானபோது அவருக்கு வயது 21. தாம் நேசித்த ஒரு பெண்ணின் பெயரைப் பாட்டுக்கு வைத்தார். முழுதும் ஓடி முடிவதற்குச் சுமார் இரண்டரை நிமிஷம். அதற்குள் என்ன நடந்துவிடும் என்று கேட்கலாம். கேட்டுப் பாருங்கள். வலது கைக் கட்டைவிரல் கீழ்த் தந்திகளில் ஒரு காரியம் செய்துகொண்டே இருக்கிறது. மேல் ஷட்ஜத்தில் புறப்பட்டு நிஷாதம், தைவதம், பஞ்சமம் என்று நாலு படி இறங்குகிறது. இறங்கியதும் மறுபடியும் மேலே ஏறி இறங்குகிறது. கிணற்றுக்குப் படிக்கட்டு வழியாகப் போய்வரும் மனிதரைப் போல் அலுக்காமல், அவசரப்படாமல், தாளம் பிசகாமல் நடக்கிறது. மற்ற விரல்களோ இந்தப் படிக்கட்டைப் பற்றிக் கவலையே படுவதில்லை. மேல் தந்திகளில் அவை துள்ளுகின்றன, தயங்குகின்றன, கட்டைவிரல் எதிர்பாராத இடத்தில் வந்து விழுகின்றன. இரண்டு பேர் வாசிக்கிறார்கள் என்று முதல் தடவை கேட்பவர்கள் சத்தியம் செய்வார்கள். ஒருவர்தான், ஐயா! அதிலும் அவர் ஒரு பள்ளிக்கூடத்திலும் போய்ச் சங்கீதம் கற்றவரல்லர்.

இந்த மனிதரின் பெயரை நம் நேயர்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்? அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். அவருடைய சொந்த நாட்டிலேயே, தெருவில் போகிறவரை நிறுத்திக் கேட்டால் உதட்டைப் பிதுக்குவார். ஆனால் அவருடைய சங்கீதத்தை, அவருடையது என்று தெரியாமலே, உலகத்தில் கோடிப் பேர் கேட்டிருக்கிறார்கள். இந்த விசித்திரத்தைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத உத்தேசம்.

கிரஹாம் பிறந்தது 1940-ம் ஆண்டு நவம்பர் 26-ம் தேதி, இங்கிலாந்தில் ஹிங்க்லி என்ற ஊரில். வளர்ந்தது லண்டனில். தந்தை ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவைச் சேர்ந்த ஒரு பள்ளி ஆசிரியர். (எங்கள் ஜாதி! ஆகவே எனக்கு இவர் பேரில் கொஞ்சம் பக்ஷபாதம் இருந்தால் நேயர்கள் மன்னிக்க வேண்டும்.) தாயார் தென் அமெரிக்காவில் உள்ள கயானாவைச் சேர்ந்தவர். சிறு வயதில் நேர்ந்த ஒரு விபத்தில் ஒரு கண்ணின் பார்வை போய்விட்டது. பதினாறு வயது சுமாருக்குக் கிதாரை எடுத்தவர், சில வருஷங்களுக்குள் பாரிஸ் நகரத் தெருக்களில் நின்று வாசித்துக் காசு சேர்த்தார்; அங்கிருந்து மத்தியதரைக் கடலைத் தாண்டி மொராக்கோவில் டாஞ்ஜியர் வரை போனார். டாஞ்ஜியருக்குப் போன இங்கிலீஷ் இளைஞர்கள் அந்தக் காலத்தில் அநேகர் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் கொண்டுவந்தது செம்புக் கூஜாவும் கம்பளமும். கிரஹாம் கொண்டுவந்தது ஒரு சுருதி.

அது என்ன சுருதி என்பதைச் சற்று விவரமாகச் சொல்ல வேண்டும். சங்கீத ஞானம் உள்ள குடும்பங்களில் இதை விளங்கிக்கொள்வது மேல்நாட்டாரைவிட நமக்கே சுலபம்.

கிதாருக்கு ஆறு தந்திகள். வழக்கப்படி அவற்றைக் கீழிருந்து மேலாக ஈ, ஏ, டீ, ஜீ, பீ, ஈ என்று கூட்டுவார்கள். பல ஸ்வரங்களை ஒன்றாக ஒலிக்கச் செய்யும் மேல்நாட்டு முறைக்கு இது மிகவும் வசதி. ஆனால் மொராக்கோவில் ‘ஊத்’ என்ற வாத்தியத்தை வாசிப்பவர்களுடன் சேர்ந்து வாசிக்க விரும்பிய கிரஹாமுக்கு இந்தச் சுருதி ஒத்துவரவில்லை. அரபு நாட்டுச் சங்கீதமும் நம்முடையதைப் போல் ஒரு ஸ்வரம், அதன்பின் ஒரு ஸ்வரம் என்று நடப்பது. ஆதார ஸ்வரம் ஒன்றைப் பற்றிக்கொண்டு நிற்பது. கிரஹாம் செய்த காரியம் கேட்பதற்கு மிகவும் அற்பமாயிருக்கும். முதல் தந்தி, இரண்டாவது தந்தி, ஆறாவது தந்தி ஆகிய மூன்றின் முறுக்காணிகளையும் சற்றுத் தளர்த்தி, ஒவ்வொன்றையும் ஒரு முழு ஸ்வரம் கீழே இறக்கினார். இப்போது தந்திகள் டீ, ஏ, டீ, ஜீ, ஏ, டீ என்று ஆயின. இந்த ஆறு எழுத்தையும் ஒரே சொல்லாக்கி ‘டாட்காட்’ என்று கிதார்க்காரர்கள் உச்சரிக்கிறார்கள்.

டீ-யை ஷட்ஜமாக வைத்துக்கொண்டு பாருங்கள்: ஸ, ப, ஸ, ம, ப, ஸ. உடனே தம்பூராவின் ஞாபகம் வரவில்லையா? விரல் எதையும் அழுத்தாமல் ஆறு தந்திகளையும் மீட்டினாலே ஷட்ஜமும் பஞ்சமமும் கும்மென்று நிற்கின்றன. நடுவில் சுத்த மத்தியமம் ஒன்று. நம் முன்னோர்கள் பிடிலைக் கையில் எடுத்துக்கொண்டபோது அதன் தந்திகளை ஸ, ப, ஸ, ப என்று மாற்றியதற்கும் இதற்கும் காரணம் ஒன்றேதான்.

இதில் இன்னொரு சூக்ஷ்மம் இருக்கிறது. திறந்த தந்திகளில் காந்தாரம் கிடையாது. மேல்நாட்டுச் சங்கீதத்தில் ஒரு மெட்டு குதூகலமானதா, சோகமானதா என்பதைப் பெரும்பாலும் காந்தாரந்தான் சொல்லும். அந்தர காந்தாரம் என்றால் ஒரு முகம், சாதாரண காந்தாரம் என்றால் வேறு முகம். கிரஹாமின் சுருதி அந்தத் தீர்ப்பை முன்கூட்டியே சொல்லிவிடுவதில்லை. எந்த ஊர் மெட்டும் அதன்மேல் வந்து உட்காரலாம். ஐரிஷ் பாட்டும் உட்காரும், அரபுப் பாட்டும் உட்காரும். உட்கார்ந்தும் விட்டன.

இதற்கு அவர் காட்டிய முதல் அத்தாட்சி, ‘ஷி மூவ்ட் த்ரூ தி பேர்’ என்ற ஐரிஷ் பாட்டின் மெட்டு. 1963-ல் டெக்கா கம்பெனியார் வெளியிட்ட ஒரு சிறு தட்டில் இதை வாய்ப்பாட்டு இல்லாமல் கிதாரில் மட்டும் வாசித்திருக்கிறார். அந்த மெட்டின் ஸ்வரங்கள் நம் ஹரிகாம்போதி மேளத்தின் ஸ்வரங்கள். கிரஹாம் தாளக் கட்டில்லாமல் மெதுவாக ஆரம்பிக்கிறார். திறந்த தந்திகள் பின்னால் ரீங்காரம் செய்ய, மெட்டின் ஒவ்வொரு அடியையும் எடுத்து, திருப்பிப் பார்த்து, ஓரத்தில் ஒரு சிறு பிருகாவைச் சேர்த்து வைக்கிறார். பிறகு நடை வேகம் பிடிக்கிறது. அயர்லாந்தில் ஒரு சந்தையில் நடந்துபோகும் பெண்ணைப் பற்றிய பாட்டு இது; கிரஹாம் வாசித்து முடிக்கும்போது அந்தச் சந்தை எந்தத் தேசத்தில் நடக்கிறதென்று நிச்சயமாகச் சொல்ல முடியாது.

இனி கடன்காரர்களின் கணக்கு.

‘ஆஞ்ஜி’யை 1965-ல் பெர்ட் ஜான்ஷ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தமது முதல் தொகுப்பில் வாசித்தார். மறு வருஷம் அமெரிக்கப் பாடகர் பால் ஸைமன் தமது ‘ஸவுண்ட்ஸ் ஆப் ஸைலென்ஸ்’ தொகுப்பில் வாசித்தார். அந்தத் தொகுப்பு லக்ஷக்கணக்கில் விற்றது. ஐரிஷ் மெட்டை மேற்சொன்ன தினுசில் வாசிக்கும் முறையை ஜிம்மி பேஜ் எடுத்துக்கொண்டு, யார்ட்பேர்ட்ஸ் கோஷ்டியில் இருந்தபோது 1967-ல் ‘ஒயிட் ஸம்மர்’ என்று பெயரிட்டுப் பதிந்தார். தட்டில் ஆக்கியோன் பெயர் பேஜ் என்றே போட்டிருந்தது. மெட்டு ஐரிஷ் ஜனங்களுடைய பொதுச் சொத்து என்பது வாஸ்தவந்தான். வாசிப்பின் வழி மட்டும் கிரஹாமுடையது. அதே பேஜ் பிற்பாடு லெட் ஸெப்பலின் என்ற பிரசித்தமான கோஷ்டியில் 1975-ல் வாசித்த ‘காஷ்மீர்’ என்ற பாட்டும் கிரஹாமின் சுருதியில் அமைந்ததே. நாடோடிப் பாடலையும் ராக் என்னும் ஆர்ப்பாட்ட சங்கீதத்தையும் கலந்து ‘போக்-ராக்’ என்று இங்கிலாந்தில் ஒரு புது வகை கிளம்பிற்றே, அதில் கிதார் பிடித்த பேர்வழிகளில் கிரஹாமின் வாசலைத் தொடாமல் உள்ளே நுழைந்தவர் மிகக் குறைவு.

எங்கள் பள்ளிக்கூடத்தில் பதினோராவது வகுப்பில் ஒரு பையன் இருக்கிறான். கிதார் கற்பது கைப்பேசி மூலமாக. குரு யார் என்றால் பத்துப் பேரைச் சொல்லுவான். அவன் ஒரு நாள் ‘டாட்காட்’ சுருதியில் ஏதோ வாசித்துக் காட்டினான். நன்றாகவே இருந்தது. “இந்தச் சுருதி யார் ஏற்பாடு, தம்பி?” என்று கேட்டேன். “அது எப்போதும் இருக்கிறது, ஸார்!” என்றான். ஒரு மனிதருடைய கண்டுபிடிப்புக்கு இதைவிடப் பெரிய வெற்றி இல்லை என்று சொல்லுகிறவர்கள் உண்டு. எனக்கு அது போதுமென்று படவில்லை. ‘பிலஹரி’ ஸ்வரஜதியைக் கற்றுக்கொள்ளும் குழந்தைக்கும் அதை இயற்றியவர் யாரென்று ஒரு வார்த்தை சொல்லிவைப்பதில் நமக்கு என்ன குறைந்துவிடுகிறது?

எதை முதலில் கேட்பது என்ற விஷயத்துக்கு வருவோம். ‘ஆஞ்ஜி’யையும் அந்த ஐரிஷ் மெட்டையும் கேட்டாயிற்று என்று வைத்துக்கொள்ளுகிறேன். மூன்றாவதாகக் கேட்க வேண்டியது ‘போக் ரூட்ஸ், நியூ ரூட்ஸ்’ என்ற எல்.பி. தட்டு. 1964-ல் பதிந்தது. ஷர்லி காலின்ஸ் என்ற அம்மணி பாட, கிரஹாம் வாசிக்கிறார். அம்மணி ஸஸெக்ஸ் ஜில்லாவைச் சேர்ந்தவர். இங்கிலாந்தின் பழைய கிராமப் பாடல்களை அலங்காரம் ஒன்றும் செய்யாமல், கிணற்றடியில் நின்று பாடுவதுபோல் பாடுவார். குரலில் உருக்கம் காட்ட வேண்டுமென்ற முயற்சியே இராது. பக்கத்தில் கிரஹாமோ ஜாஸ், அரபு, ப்ளூஸ் எல்லாம் விரல் நுனியில் வைத்துக்கொண்டிருக்கிறார். இந்த ஜோடிப் பொருத்தம் எந்த ஜோசியரும் சம்மதிக்க முடியாதது. ஆனால் ‘நாட்டமன் டவுன்’ என்ற முதல் பாட்டிலேயே சந்தேகம் தீர்ந்துவிடுகிறது. பாடுகிறவரின் நேர்க்கோட்டை வாசிக்கிறவர் எந்த இடத்திலும் வளைக்கவில்லை. அதைச் சுற்றி வேறொரு கோடு போடுகிறார். ‘பிரெட்டி ஸாரோ’வையும் ‘ரெய்னார்டைன்’ என்ற பாட்டையும் இதே தட்டில் கேட்கலாம். நடுநடுவே கிரஹாம் தனியாக வாசிக்கும் உருப்படிகளில் ‘ரிப் மவுண்டன்’ என்பது மொராக்கோ மலைப் பிரதேசத்தின் நினைவில் செய்தது, விட்டுவிடக் கூடாது. ஒரே ஒரு தட்டுக்குத்தான் வீட்டில் அவகாசம் என்றால் என் வாக்கு இந்தத் தட்டுக்கே.

அதே சமயத்தில் வந்த ‘போக், ப்ளூஸ் அண்ட் பியாண்ட்’ என்ற தட்டைத்தான் பெரும்பாலான விமரிசகர்கள் அவருடைய உச்சம் என்று கொண்டாடுகிறார்கள். அதில் ‘மாஜூன்’ என்ற அரபு தினுசு உருப்படி அருமை. சார்லஸ் மிங்கஸ் என்ற நீக்ரோ ஜாஸ் மேதையின் கோஷ்டி கானத்தை ஒற்றைக் கிதாரில் அடக்கியிருப்பதும் ஆச்சரியந்தான். ஆனால் இந்தத் தட்டில் கிரஹாம் தாமே பாடுகிறார். இங்கே உண்மையைச் சொல்லிவிட வேண்டும்: விரல்களுக்கு வாய்த்த பாக்கியம் சாரீரத்துக்கு வாய்க்கவில்லை. சுருதி தப்பாது, ஆனால் பாட்டுக்குள் ஆள் இல்லாததுபோல் இருக்கும். அவர் பிரசித்தி அடையாமற்போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் ஊகம். மேல்நாட்டில் ஜனங்கள் பாடுகிறவரை நினைவு வைத்துக்கொள்ளுகிறார்கள், வாசிக்கிறவரை மறந்துவிடுகிறார்கள். (இந்த வழக்கம் மேல்நாட்டோடு நிற்கிறதா என்று கச்சேரி மேடையில் பக்கவாத்தியம் வாசிக்கும் நண்பர்களைத்தான் கேட்க வேண்டும்.)

‘ராகம்’ என்று பெயர் வைத்தும் கிரஹாம் சில உருப்படிகள் செய்திருக்கிறார். 1968-ல் வெளியான ‘லார்ஜ் ஆஸ் லைப் அண்ட் ட்வைஸ் ஆஸ் நாச்சுரல்’ என்ற தொகுப்பில் ‘ப்ளூ ராகா’, ‘ஸன்ஷைன் ராகா’ என இரண்டு இருக்கின்றன. இந்திய ரஸிகர்கள் இவரைக் கேட்கத் தொடங்கினால் ஆவலுடன் முதலில் இவற்றைத்தான் தேடிப் போவார்கள். தயவு செய்து போக வேண்டாம். ஸ்வரங்களைச் சரியாக எண்ணி வைத்திருக்கிறார். ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்த ஸ்வரத்துக்குப் போகும் வழிதான் பிடிபடவில்லை. அவரையும் குறை சொல்லுவதற்கில்லை. வீணையில் மெட்டு உயரமாய் இருப்பதால் தந்தியை இழுத்துக் கமகம் பேச முடிகிறது. கிதாரின் மெட்டுக்கள் தாழ்ந்தவை, அவற்றின்மேல் அவ்வளவு தூரம் இழுக்க இடமில்லை. அதே தொகுப்பில், ஜோனி மிச்செல் இயற்றிய ‘போத் ஸைட்ஸ் நவ்’ பாட்டுக்கு முன்னால் ஆலாபனை போன்ற ஒரு முகப்பு வைத்திருக்கிறாரே, அது நமது ராகமென்று உரிமை கொண்டாடவில்லை; அதனால் மனத்துக்கு மிகவும் இசைந்து போகிறது.

இந்தியாவின் பேரில் அவருக்கு இருந்த பிரியம் வேஷமல்ல. ஆஸ்திரேலியாவில் கச்சேரிகளுக்கு ஒப்புக்கொண்டு விமானம் ஏறியவர், வழியில் பம்பாயில் ஒரு மணி நேரம் நின்றபோது இறங்கி, அப்படியே ஆறு மாத காலம் நம் நாட்டில் சுற்றித் திரிந்தார் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்லுகிறார்கள். அந்த ஆஸ்திரேலியக் கச்சேரி நிர்வாகிகளின் கதி என்னவாயிற்று என்று யாரும் எழுதவில்லை. கேட்பதற்கு வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு கலைஞரின் பெயர் நிலைக்க வேண்டுமானால், விளம்பரம் செய்த தேதியில் விளம்பரம் செய்த இடத்தில் அவர் வந்து உட்கார வேண்டியிருக்கிறது. கிரஹாமுக்கு அந்தச் சுபாவம் இல்லை. அதைவிடப் பெரிய துரதிர்ஷ்டம், ஹெராயின் என்ற கொடிய லாகிரி வஸ்துவின் பிடியில் அவர் சிக்கியது. 1963 முதல் 1970 வரை தட்டுக்குமேல் தட்டாக வந்தது. பிறகு ஓட்டம் குறைந்தது. அவரிடமிருந்து கற்றவர்கள் பெரிய மண்டபங்களில் வாசித்துக்கொண்டிருந்த வருஷங்களில், அவர் கிதார் சொல்லிக்கொடுத்தும், ஊத், சரோட் முதலான வாத்தியங்களைத் தாம் கற்றுக்கொண்டும் காலம் கழித்தார். கடைசித் தொகுப்பு 2007-ல் வந்தது. 2008-ம் ஆண்டு டிசம்பர் 15-ம் தேதி, 68-வது வயதில் காலமானார்.

தட்டுக்கள் தேடுவோருக்கு ஒரு சிறு எச்சரிக்கை. அவருடைய முதற்பெயரை இங்கிலீஷில் இரண்டு விதமாக எழுதுகிறார்கள். பிற்காலத்தில் அவர் ஓர் எழுத்தைக் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டார். ஒரு விதத்தில் கிடைக்காதது மற்றொரு விதத்தில் கிடைக்கும். ‘ஆஞ்ஜி’க்கும் இப்படியே எழுத்து வித்தியாசம் இரண்டு மூன்று உண்டு. அந்தப் பெயரில் வேறொரு கோஷ்டியின் பிரபலமான காதல் பாட்டும் இருப்பதால், யாராவது பாட ஆரம்பித்தால் உடனே நிறுத்திவிடுங்கள். நம்முடையதில் பாட்டே கிடையாது.

கேட்பதோடு பார்க்கவும் ஒன்று இருக்கிறது. 1959-ல் இங்கிலாந்தில் கிதார் மோகம் தலைக்கேறியிருந்த சமயம், பிற்காலத்தில் பெரிய டைரக்டரான கென் ரஸ்ஸல் அந்த மோகத்தைப் பற்றி பி.பி.ஸி.க்காக ஒரு சிறு படம் பிடித்தார். தெருப் பையன்கள், கிழவர்கள், கற்றுக்கொள்ளுகிறவர்கள், கற்றுக்கொண்டதாக நினைக்கிறவர்கள் எல்லாரும் அதில் வருகிறார்கள். அவர்களுக்கு நடுவே 18 வயது கிரஹாமும் வருகிறார். அந்நாளில் எல்லாருக்கும் தெரிந்திருந்த ‘க்ரை மீ எ ரிவர்’ என்ற காதல் பாட்டை, வார்த்தை இல்லாமல், கிதாரில் மட்டும் வாசிக்கிறார். ‘ஆஞ்ஜி’ வெளியாக இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது; டாஞ்ஜியர் சுருதி இன்னும் பிறக்கவில்லை. இடது கை விரல்களை மட்டும் கவனித்துக்கொண்டிருங்கள்.